கம்பத்தடி வகுப்பு

புதுக்கோட்டைச் சீமையில் இன்றைக்கு ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிற யாரையாவது பிடித்து, "தொண்ணூற்றொன்றில் ராத்திரியானால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அறிவொளிக்குப் போனேன் என்பார்கள். இல்லையென்றால் அவர்கள் அம்மாவோ அத்தையோ போயிருப்பார்கள். சற்று மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

பெரிய கதை பலருக்கும் தெரிந்தது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம், நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 1991இல் புதுக்கோட்டைக்கு அறிவொளி இயக்கம் வந்துவிட்டது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பாட்டுக்காரர்கள் என்று ஒரு பட்டாளமே இறங்கி வேலை செய்தது. அவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. ஆனால் தெருவில் சாக்கை விரித்து உட்கார்ந்து, எதிரே இருந்த கையில் பல்பத்தைக் கொடுத்தவர்கள், எங்கள் பக்கத்திலாவது, பெரும்பாலும் பதினாலிலிருந்து பதினேழு வயதுக்காரர்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. சம்பளம் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், கேட்பதில் தப்பும் இல்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். அன்னவாசல் சாலையில், கல்குவாரிகள் இருக்கிற பக்கம். சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் சைக்கிள் தூரம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கையோரம் தமிழ்-பிராமி எழுத்து, குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டு. இரண்டாயிரம் வருடமாகக் கல்லில் எழுத்து இருக்கிற பூமி. அதே கல்லை உடைத்து ஜல்லியாக்குகிற எங்கள் ஊர்ப் பெண்கள், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது என்னவென்று தெரியாமல், "இது எங்கப்பா போவுது?" என்று கேட்டுத்தான் ஏறினார்கள்.

அந்த டவுன் பஸ்ஸில்தான் பின்னால் அறிவொளித் தொண்டர்களான நாங்களும் போனோம். நான் ராணியார் பள்ளியில் பிளஸ் ஒன். மளிகைக் கடைக்காரர் மகள் கான்வென்ட்டில் படித்தாள், டை கட்டிக்கொண்டு வருவாள். காலனியிலிருந்து ஒரு பையன் டவுனில் மிஷன் பள்ளிக்குப் போனான். அன்னவாசலில் இறங்கிக்கொள்கிற ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இருந்தான். தினமும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. யாருடைய அப்பா யார், யார் எந்தத் தெரு என்று எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் பேசவில்லை.

ஐந்தாவது ஆள் பஸ்ஸில் வராதவள். எட்டாவதோடு நின்று குவாரிக்குக் கல்லுடைக்கப் போனவள். பயிற்சி முகாமில் தொண்டர்கள் ஒவ்வொருவராக எழுந்து எந்தப் பள்ளி என்று சொல்லிக்கொண்டு வந்தபோது, அவள் முறை வந்ததும் "குவாரி" என்றாள். கூட்டம் சிரித்தது. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஐவருக்கும் தலைமை என்று யாரையும் யாரும் நியமிக்கவில்லை. இரண்டு வாரத்தில் அவள் சொல்வதுதான் நடந்தது.

கணக்கெடுப்பில் தொடங்கினோம். வீடு வீடாகப் போய் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெயரை எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒரு வீட்டு வாசலில் நின்று எப்படிக் கேட்பது? கான்வென்ட்டுக்காரி தாளில் இருந்தபடியே கேட்டாள், கதவு சாத்தப்பட்டது. "இந்த வயசுல படிச்சு நான் என்ன கலெக்டராவா போறேன்" என்பது இன்னொரு வீட்டுப் பதில். அன்னவாசல் பொடியன் வேறு வழி வைத்திருந்தான். முதல் வரியில் தன் அம்மா பெயரை எழுதிக்கொண்டான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அத்தை, எங்கம்மா பேரு எழுதியாச்சு. கீழ உங்க பேரு எழுதிக்கிடவா?" என்பான். அவ்வளவுதான். அவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா பெயரைப் போட அவன் கூச்சப்படவில்லை என்பதே மற்றவர்களுக்குக் கூச்சத்தைப் போக்கிவிட்டது. அவன் போன தெருவில் விட்டுப்போன வீடே இல்லை.

அடுத்தது இடம். ஊர்ப் பெரியவர்கள் தாராளமாகவே கோயில் மண்டபத்தைத் தந்தார்கள். விளக்கு உண்டு, மழைக்கு ஒதுங்கலாம், சிமெண்ட் தரை. முதல் நாள் மிஷன் பள்ளிப் பையன் வரவில்லை. காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. "அவனுக்கு என்னவாம்?" என்று கான்வென்ட்டுக்காரி நிஜமாகவே புரியாமல் கேட்டாள். குவாரிக்காரி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, "மண்டபத்துக்குள்ள அவங்க எப்படி வருவாங்க?" என்றாள்.

பெரியவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கலாம். நின்றிருக்க வேண்டும் என்று இன்று சொல்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. அன்று சண்டை போட்டிருந்தால் எங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கும், காலனிப் பெண்களுக்கு வகுப்பு கிடைத்திருக்காது. பூசை நேரத்தில் இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி மண்டபத்தை விட்டு வந்துவிட்டோம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம், அதில் ஒரு டியூப்லைட். அதன் அடியில் சாக்கை விரித்தோம்.

முதல் வாரம் பெண்கள் இரண்டு கூட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். சேர்ந்து உட்காரச் சொல்லி நாங்கள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கரும்பலகை ஒன்றுதான் இருந்தது, டியூப்லைட் வெளிச்சமும் ஒரு பக்கமாகத்தான் விழுந்தது. எழுத்து தெரிய வேண்டுமென்றால் நெருங்கித்தான் ஆக வேண்டும். ஐப்பசி மழை பிடித்து, தரை காய்ந்த இடம் கொஞ்சமாகச் சுருங்கிய பிறகு சாக்குகள் ஒன்றையொன்று தொட்டன. சாதி ஒழிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தண்ணீர்க் குடம் மட்டும் கடைசிவரை இரண்டாகவே இருந்தது.

நேரத்தையும் அப்படித்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஏழு மணி என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஏழு மணிக்கு எந்தப் பெண்ணால் வர முடியும்? குவாரியிலிருந்து ஆறு மணிக்கு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைக்கும் புருஷனுக்கும் போட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வர எட்டரை ஆகும். எட்டரை என்று வைத்தோம். இதனால் எங்கள் வீடுகளில்தான் ரகளை. வயசுப் பெண்கள் ராத்திரி பத்து மணி வரை தெருவில் இருப்பதா? மளிகைக் கடைக்காரர் மகளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று தானே டார்ச்சோடு கூட வந்து, சற்றுத் தள்ளி மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நாளில், "இன்னைக்கு மேலத்தெருவுல ரெண்டு பேரைக் காணோமே" என்று அவரே வருகைக் கணக்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அறிவொளிப் புத்தகம் அனா ஆவன்னாவில் தொடங்காது. முதல் பாடத்தின் முதல் சொல்லே 'பட்டா'. சொல்லைக் காட்டி, அதைப் பற்றிப் பேசவைத்து, பிறகுதான் எழுத்துக்கு வர வேண்டும். யாருக்குப் பட்டா இருக்கிறது, யாருக்கு இல்லை, யார் பெயரில் இருக்கிறது என்று பேச்சைத் தொடங்கிவிட்டால் அன்றைக்கு எழுத்துக்கே வர முடியாது. பத்து மணி ஆகியும் பேசிக்கொண்டிருப்பார்கள். மிஷன் பள்ளிப் பையன் மட்டும் அந்தப் பாடத்தின்போது பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு பல்பத்தைச் சீவிக்கொண்டே இருந்தான்.

குவாரிப் பெண்களுக்குப் பல்பம் கையில் நிற்கவில்லை. சுத்தியல் பிடித்துக் காய்த்த விரல். அழுத்தினால் பல்பம் ஒடியும், லேசாகப் பிடித்தால் நழுவும். ஒடிந்ததும் ஒரு வெட்கச் சிரிப்பு, மறுநாள் தலைவலி என்று ஆள் வராது. இதற்கு மருந்து கண்டுபிடித்தவள் குவாரிக்காரிதான். வகுப்பில் மிஞ்சிய சாக்பீஸ் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். கஞ்சி குடிக்கிற நேரத்தில் உடைக்க வைத்திருக்கும் பாறையில் முழ நீளத்துக்கு 'ப' எழுதச் சொல்வாள். தோள்பட்டையிலிருந்து கையை வீசி எழுதுவது அவர்களுக்குச் சுலபமாக வந்தது. அங்கே பெரிதாக எழுதிப் பழகி, எழுத்து கைக்குப் பிடிபட்ட பிறகு சிலேட்டில் சிறிதாக்கினார்கள். பாறையில் எழுதிப் பார்த்தது சாயங்காலத்துக்குள் ஜல்லியாகி லாரியில் போய்விடும். தப்பாக எழுதியதும் சேர்ந்தே போய்விடும் என்பது அவர்களுக்கு ஒரு நிம்மதி.

இன்னொன்றும் அவளிடம் கவனித்தேன். அவள் யாரையும் பாராட்டியதில்லை. கான்வென்ட்டுக்காரி ஒவ்வொன்றுக்கும் "வெரி குட்" சொல்வாள், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சின்னப்பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி இருக்கிறதாம். ஒருவர் ஒரு வரியை வாசித்து முடித்ததும் குவாரிக்காரி, "ம், அடுத்தது" என்பாள். தப்பாக வாசித்தாலும் அதே குரலில், "இன்னொருக்கா பாருங்க மதினி." அவ்வளவுதான். அந்தக் குரலுக்காகவே அவள் சாக்கில் இடம் பிடிக்கப் போட்டி இருந்தது. கனிவு என்றால் இனிமையாகப் பேசுவது என்று நினைக்கிறவர்கள் அவள் வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வரைக்கும்தான் என்பது டெல்லிக் கணக்கு. கம்பத்தடிக்குப் பேரன் எடுத்தவர்களும் வந்தார்கள். அதில் ஓர் ஆத்தா. கரும்பலகையில் எழுதியதை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுவார். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் திணறுவார். "மண்டையில ஏற மாட்டேங்குதப்பா, என்னைய விட்டுரு" என்று எழுந்து போகப் பார்த்தார். அன்னவாசல் பொடியன் அவர் புத்தகத்தை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். கையை எட்டினமட்டும் நீட்டிப் பிடித்தும் போதாமல் தலையைப் பின்னால் சாய்த்தார். இவன் எழுந்து, அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, நாலு எட்டு பின்னால் போய் விளக்குக்கு நேராகப் பிடித்தான். ஆத்தா வாசித்தார். பக்கத்தைப் புரட்டினான். அதையும் வாசித்தார்.

"ஆத்தா, மண்டைக்கு ஒண்ணுமில்ல. இது வெள்ளெழுத்து" என்றான்.

மறுநாள் செத்துப்போன தன் தாத்தாவின் கண்ணாடியைக் கொண்டுவந்தான். ஒரு பக்கக் காம்பு போய், நூல் கட்டியிருந்தது. ஆத்தாவுக்கு அது முழுக்கப் பொருந்தவில்லை, ஆனால் போதுமானதாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் "எங்க, இங்க குடு" என்று வாங்கினார். அன்றிலிருந்து அந்த ஒற்றைக் கண்ணாடி வட்டமாகச் சுற்றியது. யார் முறையோ அவர் கையில் புத்தகமும் கண்ணாடியும் சேர்ந்து போகும். குவாரிக்குப் போகிற ஒருவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு முதலில் புத்தகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விளக்குக்கு நேராக விரித்துப் பார்த்தார். எத்தனை நாளாகக் குத்திக்கொண்டிருந்ததோ ஒரு கல் செதில், அதை நகத்தால் கெல்லி எடுத்துத் தூரப் போட்டார். பிறகுதான் "எந்த வரி?" என்றார்.

எழுத்தோடு சைக்கிளும் வந்தது. பெண்கள் தாங்களாக நாலு இடம் போய்வர முடிய வேண்டும் என்பது கலெக்டரின் எண்ணம். இது பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாக எழுதியிருக்கிறார், நான் நீட்டப் போவதில்லை. வாடகை சைக்கிள்தான், அதுவும் பெரும்பாலும் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிள். பிறகு சிலர் அதுவே வசதி என்றார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே. ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பையன்கள் கேரியரைப் பிடிக்கப் போனபோது பெண்கள் நெளிந்தார்கள். மிஷன் பள்ளிப் பையன் இதைப் பார்த்துவிட்டு, பையன்களுக்கு வேறு வேலை கொடுத்தான். சாலையின் இரண்டு முனையிலும் போய் நின்று, வேடிக்கை பார்க்க வருகிற இளவட்டங்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது நாங்கள், பெண்பிள்ளைகள். விழுந்து எழுந்தவர்களை எங்களைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. 1992 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று புதுக்கோட்டை வீதிகளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் போனார்கள். எங்கள் ஊரிலிருந்து போனவர்களை அடையாளம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கூட்டம்.

1992 ஆகஸ்ட்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எழுத்தறிவு பெற்றவர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல் வாசிக்க வேண்டும், 1 முதல் 100 வரை எண் தெரிய வேண்டும் என்பதுபோல் அளவுகோல் உண்டு. எங்கள் கம்பத்தடியில் அன்று பாதிப் பேர் இரண்டாம் புத்தகத்தின் நடுவில் இருந்தார்கள். மூன்றாம் புத்தகத்தை முடித்தவர்களில் சிலர், வாசிக்க ஒன்றும் கிடைக்காமல் பின்னால் மறந்தும் போனார்கள். இதைச் சொன்னால் அந்த இயக்கத்தைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிவிப்பு மாவட்டத்துக்கு, கம்பத்தடியில் யார் எந்தப் பக்கத்தில் இருந்தார்கள் என்பது எங்களுக்கு.

இப்போது சில பள்ளிகளில் சமூக சேவைக்கு மணிக்கணக்கு எழுதும் அட்டை தருகிறார்கள். என் தங்கை மகள் ஒன்று வைத்திருக்கிறாள். முதியோர் இல்லத்தில் இரண்டு மணி, கடற்கரைக் குப்பை மூன்று மணி, கீழே ஆசிரியர் கையெழுத்து. பேனர், தொப்பி, குழுப் புகைப்படம். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் நல்ல மனசோடுதான் போகிறார்கள். ஆனால் முதியோர் இல்லத்தில் சாப்பாட்டு நேரம் எது, தூங்கும் நேரம் எது என்று முதியவர்களைக் கேட்டு முடிவு செய்யப் பிள்ளைகளை யாரும் விடுவதில்லை. எல்லாம் பள்ளி வேன் திரும்புகிற நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். எங்களிடம் பெரியவர்கள் புத்தகத்தையும் பல்பத்தையும் தந்துவிட்டு மற்றதை எங்கள் தலையில் விட்டார்கள். இடம், நேரம், யார் யாருக்குப் பக்கத்தில், எந்தத் தெருவில் யார் போய்க் கேட்பது எல்லாம் பதினாறு வயதின் முடிவு. கனிவு அந்த முடிவுகளில்தான் இருந்தது, பாடத்தில் அல்ல.

கடைசியாக அந்த மனு. கம்பத்து டியூப்லைட் அடிக்கடி கண்ணடித்துக்கொண்டிருந்தது, ஒருநாள் அணைந்தே போனது. கம்பத்தடியில் படித்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் என்ன என்று எங்களுக்கு ஒரு யோசனை. 'மிகத் தாழ்மையுடன்' என்று தொடங்கி, விளக்கு வேண்டும் என்று நானே எழுதிக் கொண்டுபோய் அரிக்கேன் வெளிச்சத்தில் வாசித்தேன். யாரும் தலையாட்டவில்லை.

"வெளக்கு கெடக்கட்டும். காலனிக்கு அடிகுழாய் எழுது" என்றார் வெள்ளெழுத்து ஆத்தா. அவர் காலனிக்காரர் இல்லை, மேலத்தெரு.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலனிக்குத் தனியாகக் குழாய் வந்துவிட்டால் தங்கள் குழாயடியில் கூட்டம் குறையும் என்ற கணக்கு அதில் இருந்தது. வெயில் காலத்தில் காலனிப் பெண்கள் குடத்தோடு கடைசி ஆளாகக் காத்து நிற்பதைப் பல மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வந்த சங்கடமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றும் தெரியாது. மிஷன் பள்ளிப் பையன் என் கையிலிருந்து தாளை வாங்கி, மிகத் தாழ்மையுடனை அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் வேறு மனு எழுதினான். இரண்டு பக்கத்துப் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். சில பெயர்கள் கோட்டைத் தாண்டி ஓடின, சில பாதியில் நின்று அடுத்த வரியில் முடிந்தன. நாலைந்து பேர் பஸ் பலகையைத் தாங்களே வாசித்து ஏறிப் போய் நேரில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அடிகுழாய் அடுத்த கோடையில் வந்தது. டியூப்லைட்டுக்கு மனு தேவைப்படவில்லை. குவாரிக்காரி ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள். லைன்மேன் பெண்சாதி அவள் சாக்கில்தான் இரண்டாம் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.